சேக் இஸ்மாயில் வீட்டு வில்லங்கம்

வில்லங்கம் இல்லை என்று அரசாங்கமே எழுதிக் கொடுத்துவிட்டால் ஒரு மனிதன் காலை நீட்டித் தூங்கலாம் என்றுதான் சேக் இஸ்மாயில் நம்பியிருந்தார். முப்பது வருடத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தாயிற்று. வீட்டின் மேல் அடமானம் இல்லை, ஜப்தி இல்லை, வழக்கு இல்லை. பாகம் கேட்டு எவரும் எந்தக் காலத்திலும் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டதில்லை. கம்ப்யூட்டர் சென்டரில் அச்சடித்துக் கொடுத்த சான்றிதழை அவர் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார்.

இந்த ஊரில் அந்தச் சொல் படாத பாடு படுகிறது. சும்மா போகிறவனை இழுத்துச் சண்டை போடுகிறவன் வில்லங்கம் பிடித்தவன். பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளையின் அண்ணன் கொஞ்சம் அதிகமாகச் சிரித்தால், அங்கே ஏதோ வில்லங்கம் இருக்கிறது. நன்றாக ஓடுகிற வண்டியைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்று ஒருவன் வந்தால், வில்லங்கத்தை விலை கொடுத்து வாங்காதே என்று நாலு பேர் தடுப்பார்கள். வீடு, நிலம் என்று வந்துவிட்டால் மட்டும் அதே சொல் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு பதிவு ஆபீஸில் போய் மரியாதையாக உட்கார்ந்துகொள்ளும். ஒரு சொத்தின் மேல் அடுத்தவருக்கு இருக்கிற பாத்தியதை, பாரம் எல்லாம் அங்கே வில்லங்கம். எழுதியிருந்தால் உண்டு, எழுதாவிட்டால் இல்லை. இதில் குழப்பத்துக்கு என்ன இடம் இருக்கிறது?

இருந்தது. அது வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து, கருத்தக்கண்ணன் வீடு பார்க்க வந்த அன்று ஆரம்பித்தது.

கருத்தக்கண்ணன் செக்கானூரணிப் பக்கத்து விவசாயச் சம்சாரி. இப்போது பரவை மார்க்கெட்டில் காய்கறி மொத்த வியாபாரம். பெரியாஸ்பத்திரிக்கு நோயாளிகளோடு வருகிறவர்களுக்குச் சாப்பாடு போட ஒரு மெஸ் வைக்க வேண்டும், அதற்குக் கோரிப்பாளையத்தில் ஒரு வீடு வேண்டும் என்று அலைந்துகொண்டிருந்தார். தர்காவுக்குப் பின்னால் இருக்கிற சந்தில் சேக் இஸ்மாயிலின் மாடி வீடு அவருக்கு அப்படியே பிடித்துப்போனது. சுவரைத் தட்டிப் பார்த்தார், மோட்டாரைப் போடச் சொல்லித் தண்ணீரைக் குடித்துப் பார்த்தார், சான்றிதழை எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு அதை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"பேப்பர் சுத்தமாத்தேன் இருக்கு பாய். இருந்தாலும் ஒங்க வாயால ஒரு வார்த்த சொல்லிருங்க. வில்லங்கம் ஒண்ணுமில்லையே?"

"அதான் பேப்பர்லயே இருக்கேண்ணே."

"பேப்பர்ல இருக்குற வில்லங்கத்தக் கண்ணால பாத்துரலாம். இல்லாத வில்லங்கந்தேன் கழுத்த அறுக்கும். இப்புடித்தேன் ஊர்ப்பக்கம் ஒரு காட்ட வாங்குனேன். வாங்கி ஏரப் பூட்டப் போனா, கெணத்துல எனக்கும் மொறத் தண்ணி இருக்குன்னு நாலு பேரு மம்பட்டியோட வந்து நிக்கிறாய்ங்க. ஒரு பத்திரத்துலயும் இல்ல. ஆனா ஊருக்கே தெரியுது. அதுலருந்து நான் பேப்பரக் கேக்குறதில்ல, ஆளத்தேன் கேக்குறது."

சேக் இஸ்மாயில் நெஞ்சில் கையை வைத்தார். "யாருக்கும் ஒரு பாத்தியதையும் இல்லண்ணே. வில்லங்கம்னு ஒண்ணும் கெடையாது."

அப்போதுதான் அவருடைய மனைவி ஜெயினம்பு டீத் தட்டோடு அறைக்குள் வந்தாள். தட்டை ஸ்டூல் மேல் வைத்தாள். வந்தவரைப் பார்த்து டீ சாப்பிடச் சொல்பவள் அன்று ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். திங்கட்கிழமை காலையில் முன்பணத்தோடு வருவதாகச் சொல்லிக் கருத்தக்கண்ணன் கிளம்பினார்.

வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் படியேறும் வேலையில்லாத ஒரு தனி வீட்டை சேக் இஸ்மாயில் பார்த்து வைத்திருந்தார். அவர் மெயின் ரோட்டில் மெத்தை, தலையணைக் கடை வைத்திருக்கிறவர். பஞ்சுத் தூசி பாதி நெஞ்சைத் தின்றிருந்தது, ரோட்டுத் தூசி மீதியைத் தின்றுகொண்டிருந்தது. இருமல் வந்தால் ரெண்டு தெரு கேட்கும். தூசியில்லாத இடமாகப் பாருங்கள் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து, தெப்பக்குளத்தைச் சுற்றிச் சாயங்காலம் நடப்பதாக மனதுக்குள் நடந்துகொண்டேயிருந்தார். அந்தச் சந்தோஷத்தோடு அடுப்படிக்குப் போனார்.

ஜெயினம்பு டீக் கிளாசைக் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள். "வந்த மனுசன்கிட்ட பொய் சொல்லிட்டீங்க."

"என்ன பொய்?"

"வில்லங்கம் இல்லைன்னு. இந்த வீடு என்னுதுங்க. நீங்கதான் எனக்குக் குடுத்தீங்க."

அவர் சிரித்தார். விளையாடுகிறாள் என்று நினைத்தார். அவள் விளையாடி ரொம்ப வருடம் ஆகிறது என்பது சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது. பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்து நீட்டினார். "இதுல எங்கடி இருக்கு ஒன் பேரு?"

"அதுல எப்புடி இருக்கும்? வாயால குடுத்ததுதான."

"எப்பக் குடுத்தேன்?"

"தலகாணியத் தூக்கிக்கிட்டு வீதியில நின்னீங்கள்ல, அன்னைக்கு."

அந்தக் கதை தெரியாதவர் அந்தச் சந்தில் கிடையாது. மகள் நுஸைபா கைக்குழந்தையாக இருந்தபோது, ஒரு சாயங்காலம் ஜெயினம்பு புருஷனைத் தலையணை, பாய், சவரப் பெட்டியோடு வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தினாள் என்பது கதை. தலையணை விற்கிறவன் தலையணையோடு தெருவில் நின்றான் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். ஜெயினம்பு தெருவில் நடந்தால், வில்லங்கம் பிடித்த பொம்பளை வருது, வழிவிடுங்கள் என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டவர்களும் உண்டு. சேக் இஸ்மாயிலும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறார்.

"அது சண்டை போட்ட அன்னைக்குல்ல?"

"என்ன சண்டை?" என்று கேட்டாள் ஜெயினம்பு.

அவர் சொன்ன காரணங்களை எண்ணிப் பார்த்தார். மீன் குழம்பு என்று ஒரு ஆளிடம் சொல்லியிருக்கிறார். மச்சினன் கல்யாணத்துக்குப் போகாததால் என்று இன்னொருவரிடம் சொன்ன ஞாபகம். பாயில் ஈரக் காலை வைத்ததால் என்று கடையில் வேலை பார்த்தவர்களிடம் சொன்னார். மூன்றில் எது நிஜம் என்று யோசித்தார். மூன்றுமே அடுத்தவர் சொல்லிக் கேட்டதுபோல இருந்தன. தெருவில் நின்றது மட்டும் நன்றாக ஞாபகம் இருந்தது. கையிடுக்கில் தலையணை, எதிர்வீட்டு ஜன்னலில் முகங்கள். ஏன் நின்றார் என்ற இடம் மட்டும் துடைத்துவிட்டதுபோல வெறுமையாக இருந்தது.

"என்னன்னு நீயே சொல்லேன்" என்றார்.

"நான் சொன்னா வீட்டுக்காகச் சொல்றேன்னு ஆயிரும். அன்னைக்குக் கூட இருந்த பள்ளிவாசல் பெரிய அசரத்தும் எங்க மாமாவும் மவுத்தாயிட்டாங்க. ஒங்களயும் என்னயும் விட்டா மேல அல்லாதான் சாட்சி. நீங்களே யோசிச்சு வாங்க."

கழுவிய கிளாசைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவள் அடுப்பைப் பற்ற வைத்தாள்.

மறுநாள் கடையில் வியாபாரம் ஓடவில்லை. ஃபோம் மெத்தை கேட்டவருக்கு இலவம் பஞ்சு மெத்தையைக் காட்டினார். ஒற்றைக் கட்டில் அளவு கேட்டவரிடம் இரட்டைக் கட்டிலுக்கு விலை சொன்னார். கோபமும் வந்தது. நாற்பது வருடமாக வீட்டு வரி கட்டுகிறவர் யார்? பட்டா யார் பேரில்? கரண்ட் பில் யார் பேருக்கு வருகிறது? ஒருத்தன் சண்டையில் தெருவுக்கு வந்தால் வீடு கைமாறிவிடுமா? அப்படியானால் கோரிப்பாளையத்தில் பாதி ஆம்பிளைகளுக்கு வீடே இருக்காது. அந்தக் கோபத்தோடேயே மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு கே.கே. நகரில் வக்கீல் விக்ரமைப் பார்க்கப் போனார். விக்ரம் கல்யாண மெத்தை வாங்கியது இவரிடம்தான்.

விக்ரம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். சிரிப்பான் என்று எதிர்பார்த்தார், அவன் சிரிக்கவில்லை.

"ஒங்க சட்டத்துல வாய்மொழியாக் குடுத்தாலே செல்லும் பாய். ஹிபான்னு சொல்வாங்க. பத்திரம் வேணும்னு கட்டாயமில்ல. குடுக்குறேன்னு சொல்லணும், அவங்க வாங்கிக்கிட்டேன்னு சொல்லணும், சொத்து கைமாறணும். குடியிருக்குற வீடுன்னா, குடுத்தவரு தன் சாமானோட வெளிய வந்து சாவியக் குடுத்துட்டு, பொறகு வாங்குனவங்க கூப்பிட்டு உள்ள போறது ஒரு வழக்கம். நீங்க அப்புடி எதும் வெளிய வந்தீங்களா?"

"வந்தேன். ஆனா அது சண்டையில தம்பி."

"என்ன சண்டை?"

உலகத்தில் எல்லோருக்கும் இந்த ஒரு கேள்விதான் தெரியுமா என்று அவருக்கு ஆத்திரமாக வந்தது. "அதை விடுங்க. இப்ப வில்லங்கம் இருக்கா, இல்லையா?"

"நீங்க ஆமான்னா இருக்கு பாய். இல்லைன்னா இல்ல. எழுத்தும் இல்ல, சாட்சியும் உசுரோட இல்ல. இந்த விசயத்துல பதிவு ஆபீசே நீங்கதான்."

தெளிவு கேட்டுப் போனவர் இருந்த தெளிவையும் பறிகொடுத்துவிட்டு வெளியே வந்தார். வில்லங்கம் என்பது இத்தனை நாளும் ஆபீஸில் இருக்கிற பொருள். இப்போது அது அவர் வாய்க்குள் வந்து உட்கார்ந்திருந்தது, முழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல். பஸ்ஸில் வரும்போது, நீ சும்மா இருந்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று ஓர் எண்ணம் வந்தது. தெப்பக்குளத்துக் காற்று முகத்தில் அடித்ததுபோலக்கூட இருந்தது. உடனே வெட்கமாகவும் இருந்தது. கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்கிறவனுக்கு மார்க்கத்தில், கக்கியதைத் தின்கிற நாய் என்று ஓர் உவமை உண்டு, அதைச் சாப்பிடும் நேரத்தில் சொல்லக்கூடாது. ஆனால் கொடுத்தோமா என்றே தெரியாதவனுக்கு என்ன உவமை? அதை எந்த அசரத்தும் அவருக்குச் சொல்லித் தந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, வழக்கம்போல அண்ணன் ஜுல்பிகரோடு தர்கா வாசலில் டீக்கு உட்கார்ந்தார். ஜுல்பிகருக்குப் பக்கத்துச் சந்தில் வீடு. அண்ணன் தம்பி என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று ஜமாத்தில் காட்டிச் சொல்கிற அளவுக்கு இருவரும் ஒற்றுமை.

"என்னடா, வீட்ட விக்கப் போறியாமே?" என்றார் ஜுல்பிகர். "அந்த வில்லங்கம் புடிச்ச பொம்பள ஒத்துக்கிட்டாளா? திரும்பவும் தலகாணியோட வெளிய நிப்பாட்டிரப் போறா."

எப்போதும் சிரிக்கிற இடம். சேக் இஸ்மாயில் சிரிக்கவில்லை. "அண்ணே, அது எதுக்கு நடந்துச்சு? ஒனக்கு ஞாவகம் இருக்கா?"

"மறக்குமாடா? மீன் கொழம்புல உப்பு இல்லைன்னு ஒரு வார்த்த சொன்ன. அம்புட்டுத்தான். சாமானத் தூக்கி வெளிய வச்சுட்டா. நான் அந்த முக்குல வெத்தலக் கடையில நின்னு பாத்துக்கிட்டுத்தான இருந்தேன். நீ தலகாணிய இடுக்கிக்கிட்டு சாவிய அவ கையில குடுத்த. அவ கதவச் சாத்துனா. பொறகு என்ன நெனச்சாளோ, தொறந்து உள்ள வாங்கன்னு கூப்புட்டா. நீயும் பூனையாட்டம் உள்ள போன."

"கொழம்பு விசயம் ஒனக்கு யாரு சொன்னா?"

"நீதான் சொன்ன. மறுநா கல்லு ஆபரேசனுக்கு ஒன்னைய ஆஸ்பத்திரியில சேத்தோம்ல? கட்டில்ல படுத்துக்கிட்டே சொன்ன. நான் கேக்காமயே சொன்ன."

சேக் இஸ்மாயில் டீக் கிளாசைக் கீழே வைத்தார். ஆபரேஷனுக்கு முந்தின பத்துப் பதினைந்து நாளும் டாக்டர் அவருக்குக் கஞ்சியைத் தவிர எதையும் காட்டக் கூடாது என்றிருந்தார். அந்த வீட்டில் அப்போது மீன் வாசமே இல்லை.

ஒவ்வொன்றாக வந்தது. கிட்னியில் கல். வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும் என்றார்கள், பிழைப்பார் என்று உறுதியாக யாரும் சொல்லவில்லை. பெண்பிள்ளை ஒன்றுதான், இனிமேல் குழந்தை இல்லை என்று ஜெயினம்புவுக்கும் சொல்லிவிட்டார்கள். ஆண் பிள்ளை இல்லாதவன் மவுத்தானால் மகளுக்குப் பாதி, மனைவிக்குச் சின்னதாக ஒரு பங்கு, மீதி கூடப் பிறந்தவனுக்கு. அண்ணன் நல்லவன்தான். ஆனால் அண்ணனுக்குக் கடன் இருந்தது, பங்கு வந்தால் விற்றுத்தான் ஆக வேண்டும். நான் போய்விட்டால் இவர்கள் ரெண்டு பேரும் தெருவுக்கு வந்துவிடுவார்களே என்று பயந்து, பெரிய அசரத்தையும் ஜெயினம்புவின் மாமாவையும் கூப்பிட்டு, அந்தச் சாயங்காலம் வீட்டை மனைவிக்குக் கொடுத்தார். தலையணையும் பாயும் சவரப் பெட்டியும் தன் உடைமை என்பதற்காக வெளியே வந்தன. சாவி கைமாறியது. பிறகுதான் முக்கில் அண்ணன் நிற்பதைப் பார்த்தார். தன்னைப் பார்த்துப் பயந்துதான் தம்பி இதைச் செய்தான் என்று தெரிந்தால் அண்ணன் நொறுங்கிப்போவார். அதனால்தான் கட்டிலில் படுத்துக்கொண்டு அந்த மீன் குழம்பை வைத்தார்.

பிழைத்து எழுந்தார். ஆனால் குழம்பு எல்லோருக்கும் ருசித்துவிட்டது. ஊர் சொல்லி, அவர் சொல்லி, வருடக் கணக்கில் சொல்லி, கடைசியில் சமைத்தவனே அதை நிஜம் என்று சாப்பிட்டுவிட்டான். யாருக்குத் தெரியக் கூடாது என்று பொய் சொன்னாரோ, அந்த மனிதர்தான் சாவி கைமாறியதைக் கண்ணால் பார்த்து இன்று உயிரோடு இருக்கிற சாட்சி. அது தெரியாமல் அவர் தம்பிக்கும் சேர்த்து டீக்குக் காசு கொடுத்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்த சேக் இஸ்மாயில், பையில் சாவி இருக்கக் கதவைத் தட்டினார். ஜெயினம்பு திறந்து, விசித்திரமாகப் பார்த்தாள்.

"ஞாவகம் வந்திருச்சு" என்றார். "வீடு ஒன்னுதுதான். நாளைக்குக் கருத்தக்கண்ணன் வந்தா சொல்லிர்றேன்."

அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தார். அவள் சேரை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "என்னுதும் இல்லங்க" என்றாள்.

"அப்ப யாரோடதுடி?"

"நுஸைபாவோடது. ரெண்டு வருசத்துக்கு முந்தி அவ புருசன் வேணாம்னு குலா வாங்கிக்கிட்டு வந்தாள்ல? பொறந்த வீட்டுக்குப் பாரமாப் போயி உக்காருன்னு அவ மாமியா சொல்லி அனுப்புனதச் சொல்லிச் சொல்லி அழுதா. நீங்க பஞ்சு எடுக்கப் போயிருந்த அன்னைக்கு, நானும் என் தலகாணியத் தூக்கிக்கிட்டு வாசலுக்குப் போனேன். சாவிய அவகிட்ட குடுத்தேன். அவ உள்ள வாங்கம்மான்னு கூப்புட்டா. இது ஒன் வீடு, நீ யாருக்கும் பாரமில்ல, நாங்கதான் ஒனக்குப் பாரம்னு சொன்னேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க குடுத்ததே ஒங்களுக்கு ஞாவகம் இல்ல. நான் குடுத்தத எப்புடிச் சொல்லுவேன்?" அவள் குரல் உயரவேயில்லை. "அன்னைக்கு எனக்கு ரெண்டு குடுத்தீங்க. வீட்டக் குடுத்தீங்க. கூடவே வில்லங்கம் புடிச்சவன்னு ஒரு பேரக் குடுத்தீங்க. அண்ணன் மனசு நோகக் கூடாதுன்னு நானும் வாயத் தொறக்கல. வீட்ட மகளுக்குக் குடுத்துட்டேன். பேர யாருக்கும் குடுக்க முடியல, நானே வச்சுருக்கேன்."

சேக் இஸ்மாயிலுக்கு, கூடச் சேர்ந்து சிரித்த ஒவ்வொரு டீக்கடையும் ஞாபகத்துக்கு வந்தது. இருமல் வந்தது நல்லதாகப் போயிற்று, கண்ணில் தண்ணீர் வந்ததற்கு ஒரு காரணம் கிடைத்தது.

மாடிப்படியில் நுஸைபா நின்றிருந்தாள். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கிறாள், திருத்திக்கொண்டிருந்த பேனா கையிலேயே இருந்தது.

"வெள்ளிக்கெழமையும் நான் இங்கதான் நின்னேன் அத்தா" என்றாள். "யாருக்கும் ஒரு பாத்தியதையும் இல்லைன்னு சொன்னீங்க. நான்னு ஒருத்தி இந்த வீட்டுல இல்லவே இல்லையோன்னு இருந்துச்சு."

திங்கட்கிழமை காலை மார்க்கெட் முடிந்த கையோடு கருத்தக்கண்ணன் வந்துவிட்டார். ஒரு கையில் மஞ்சள் பை, மறு கையில் வெற்றிலை பாக்கோடு ஒரு சீப்பு வாழைப்பழம். சேக் இஸ்மாயில் வாசலிலேயே நின்றிருந்தார்.

"நல்ல நேரத்துக்குள்ள குடுத்துருவோம் பாய்."

"அண்ணே, வில்லங்கம் இருக்கு."

கருத்தக்கண்ணன் பையைக் கக்கத்தில் இடுக்கினார். "வெள்ளிக்கெழம இல்லைன்னீங்க. மூணு நாள்ல வில்லங்கம் எப்புடி பாய் மொளைக்கும்?"

"முன்னாடியே இருந்துச்சு. எனக்குத்தான் தெரியல." சேக் இஸ்மாயில் சுருக்கமாகச் சொல்லத்தான் ஆரம்பித்தார். ஆனால் தலையணை, சாவி, கஞ்சி, மீன் குழம்பு என்று அது நீண்டுகொண்டே போனது. கருத்தக்கண்ணன் இரண்டு தடவை நிறுத்தச் சொல்லி, முதலில் யார் வெளியே வந்தது, பிறகு யார் வெளியே வந்தது என்று விரல் விட்டுக் கேட்டார்.

"அப்ப நீங்க குடுத்து, அவுக குடுத்து, இப்ப பாப்பாவோடது. எழுத்து இல்ல. நீங்க வாயத் தொறக்காம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது, அப்புடித்தேன?"

"ஆமாண்ணே. இன்னும் தெரியாம இருக்கக் கூடாதுன்னுதான், வக்கீல்கிட்ட சொல்லி முறையா எழுதிரப் போறோம். அடுத்தாப்ல யாரு வில்லங்கம் போட்டுப் பாத்தாலும் எம் மக பேரு வரும்."

"அப்ப நீங்க யாரு பாய் இந்த வீட்டுல?"

"அவ இருக்கச் சொல்ற வரைக்கும் இருக்குற ஆளு."

கருத்தக்கண்ணன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். கோபம் வந்து, வருகிற வழியிலேயே எங்கேயோ திரும்பிப் போய்விட்டது. உள்ளே எட்டி, "பாப்பா, நீங்க விப்பீகளா?" என்று கேட்டார்.

நுஸைபா வாசலுக்கு வந்தாள். "என்னைய இன்னைக்குத்தாண்ணே கேக்குறாங்க. யோசிச்சுச் சொல்றேன்."

"நல்லா யோசிங்க. நான் காத்திருக்கேன்." வாழைப்பழத்தை மட்டும் அவள் கையில் கொடுத்தார். "இத வச்சுக்கங்க. இதுல ஒரு வில்லங்கமும் இல்ல."

அவர் போன பிறகும் சேக் இஸ்மாயில் வாசலைத் தாண்டவில்லை. உள்ளே போகலாமா, கூப்பிட்டால்தான் போக வேண்டுமா என்று அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை. அப்படி அவர் திகைத்து நின்றதை முக்கிலிருந்து ஜுல்பிகர் பார்த்துவிட்டார்.

"என்னடா" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார். "இன்னைக்கும் வெளிய நிப்பாட்டிட்டாளா? இன்னைக்கு என்ன சண்டை?"

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. சைக்கிளில் வந்த ஒருவர் காலை ஊன்றி நின்றார். சேக் இஸ்மாயில் அண்ணன் பக்கம் திரும்பினார். மூன்று நாள் குழப்பத்தில் இந்த ஒரு இடம் மட்டும் அவருக்குத் தெளிவாக இருந்தது, அதுதான் பயமாகவும் இருந்தது.

"சண்டை இல்லண்ணே" என்றார், சந்து முழுக்கக் கேட்கும்படி. "அன்னைக்கும் சண்டை இல்ல. அவ என்னைய வெளிய தள்ளல. நானாத்தான் வெளிய வந்தேன். இந்த வீட்ட அவளுக்குக் குடுத்தேன். நான் மவுத்தாயிட்டா ஒனக்குப் பங்கு வந்துருமேன்னு பயந்து குடுத்தேன். ஒனக்குத் தெரியக் கூடாதுன்னு சண்டைன்னு பொய் சொன்னேன். இப்ப இது எம் மக வீடு."

ஜுல்பிகர் முக்கிலிருந்து நடந்து வந்தார். தம்பிக்கு நேரே வந்து நின்றார். தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். அடிப்பார் என்றுகூட சேக் இஸ்மாயில் நினைத்தார்.

"கடன்காரனா இருந்தேன்தான்" என்றார் ஜுல்பிகர். "வித்திருப்பேன்தான்." பிறகு, "அப்ப அந்தக் கொழம்புல உப்பு இருந்துச்சா?"

"கொழம்பே வைக்கலண்ணே. எனக்கு அப்பக் கஞ்சிதான்."

ஜுல்பிகர் தம்பியை விட்டுவிட்டு வாசலுக்கு நகர்ந்து உள்ளே பார்த்துப் பேசினார். "ஜெயினம்பு, இம்புட்டு வருசமா இந்தச் சந்து பூரா ஒன்னைய வில்லங்கம்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சவன் நான்தான்மா."

உள்ளே ஜெயினம்பு முக்காட்டு நுனியைக் கண்ணுக்குக் கொண்டுபோனாள். "வெளிய நிக்க வச்சுப் பேசாத நுஸைபா" என்று மகளிடம் சொன்னாள். "நீதான் கூப்பிடணும்."

"உள்ள வாங்க பெரியத்தா" என்றாள் நுஸைபா. பிறகு, செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்த சேக் இஸ்மாயிலைப் பார்த்து, "நீங்களும் வாங்கத்தா" என்றாள்.